முக்கால் குடம் தண்ணீர்: மனச்சிதைவு நோயும் பிரஷர் ஹார்மோன்களும், ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரை மாதம், இரவு 10.40 மணி. பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 108 ஆம்புலன்ஸில் 38 வயது ஆண் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் ஒரு முறை, வரும் வழியில் ஒரு முறை வலிப்பு. இடையில் நினைவு திரும்பவில்லை. அன்று மாலையிலிருந்தே வாந்தி என்றார்கள். தலையில் அடிபடவில்லை, காய்ச்சல் இல்லை, குடிப்பழக்கம் இல்லை.

அவரை நான் ஆறு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். மனச்சிதைவு நோய் தொடங்கி 16 ஆண்டுகள் ஆகின்றன. ரிஸ்பெரிடோன் 6 மி.கி., கை நடுக்கத்துக்கு டிரைஹெக்சிஃபெனிடில் 4 மி.கி. எடுத்துவந்தார். காதில் குரல் கேட்பது குறைந்திருந்தது, முழுதாகப் போகவில்லை. மாதம் தவறாமல் அவருடைய அக்கா வந்து மாத்திரை வாங்கிப்போவார். (குடும்பத்தாரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வந்தவுடன் லோராசெபாம் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினோம். சர்க்கரை 104. தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனை வந்தபோதுதான் காரணம் தெரிந்தது. சோடியம் லிட்டருக்கு 112 மில்லிமோல். 135க்கும் 145க்கும் நடுவில் இருக்க வேண்டியது. பொட்டாசியமும் 3.1 என்று இறங்கியிருந்தது. கிரியாட்டினின் 0.7, அதாவது சிறுநீரகத்தில் கோளாறு இல்லை.

அக்காவை வெளியே அழைத்துக் கேட்டேன்.

"தம்பி தண்ணி நிறைய குடிப்பாரா?"

"குடிப்பானுங்க சார். ரொம்ப வருசமாவே குடிப்பான். இப்ப ஒரு மாசமா ரொம்ப ஜாஸ்தி. குழாயடிய விட்டு எழுந்திரிக்கவே மாட்டான். முக்கால் குடம் காலியாயிடும். நல்லதுதானேன்னு விட்டுட்டோம்ங்க."

அவர்கள் வீட்டு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர். முக்கால் குடம் என்றால் பதினோரு லிட்டருக்கு மேல். ஆறு ஆண்டுகளில் குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா, வேலைக்குப் போகிறாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இதை எழுதுவதற்கு அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அக்காவின் மஞ்சள் பையில் இருந்தது. நாங்கள் கொடுத்த மனநல நோட்டுடன், மூன்று வாரம் முன்பு வேறொரு கிளினிக்கில் எழுதிய சீட்டும் அதில் இருந்தது. பிரஷர் 154/98. டெல்மிசார்டான் 40 மி.கி.யுடன் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற சிறுநீர் போக்கும் மருந்து 12.5 மி.கி. சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் ஆயிரக்கணக்கானோர் அதே மாத்திரையைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சீட்டை எழுதியவர் எங்கள் நோட்டைப் பார்க்கவில்லை, நாங்கள் அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை.

தண்ணீர் ஏன் வெளியே போகவில்லை

அதிகம் குடித்தால் அதிகம் சிறுநீர் போகும், அவ்வளவுதானே என்று தோன்றும். நல்ல சிறுநீரகத்துக்கு அது சரிதான். நாம் சாப்பிடும் உப்பு, புரதம் ஆகியவற்றின் கழிவாக ஒரு நாளைக்குச் சுமார் 600 மில்லிஆஸ்மோல் (கரைந்திருப்பதை அளக்கும் அலகு) கரைபொருள் வெளியேற வேண்டும். சிறுநீரகம் சிறுநீரை எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் லிட்டருக்கு 50 மில்லிஆஸ்மோல் வரைதான் முடியும். 600ஐ 50ஆல் வகுத்தால் 12 லிட்டர். அதுவரை குடிப்பதை வெளியே தள்ளிவிடலாம். நம் நோயாளி ஒரு வேளை களி, கொஞ்சம் கீரை, மீதி நேரம் டீ என்று இருந்தவர். அவருக்குக் கரைபொருள் 400 இருந்தாலே அதிகம். அப்போது எல்லை 8 லிட்டராகச் சுருங்குகிறது.

அதே அலகில் அவருடைய சிறுநீரின் அடர்த்தி மறுநாள் வந்தது. 226. ரத்தம் அவ்வளவு நீர்த்துப்போயிருக்கும்போது சிறுநீர் 100க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். 400ஐ 226ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டு லிட்டர்கூட இல்லை. பதினோரு லிட்டர் உள்ளே, இரண்டு லிட்டர் வெளியே. மிச்சத் தண்ணீர் ரத்தத்தில் தங்கி, அங்கிருந்து மூளைச் செல்களுக்குள் போய் வீக்கத்தைக் கொடுத்திருக்கிறது. வாந்தியும் வலிப்பும் அதனால் வந்தவை.

சிறுநீரைக் கெட்டியாக்கியவர் யார்? வாசோபிரெசின். பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வரும் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய ஹார்மோன். 1895இல் ஆலிவர், ஷேஃபர் என்ற இருவர் பிட்யூட்டரிச் சாற்றை விலங்குக்குச் செலுத்தியபோது ரத்த அழுத்தம் ஏறியதைக் கண்டார்கள். ரத்தக் குழாயை இறுக்குவது என்ற பொருளில் பின்னாளில் அதற்குப் பெயர் வந்தது. சிறுநீரைக் குறைப்பது அதனுடைய இன்னொரு வேலை என்று பிறகு தெரிந்ததால் அதற்கு ஆன்டிடையூரெடிக் ஹார்மோன் என்று இன்னொரு பெயரும் உண்டு. இந்த ஹார்மோனைச் செயற்கையாக உருவாக்கிய டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தம் நீர்த்தால் வாசோபிரெசின் நிற்க வேண்டும், கெட்டியானால் சுரக்க வேண்டும். ரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்தாலும் சுரக்கும். குமட்டல் வந்தால் மிக வேகமாகச் சுரக்கும். சிகரெட், பீடியில் உள்ள நிகோட்டினும் அதைத் தூண்டும். நம் நோயாளி ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பவர்.

இதற்கு மேல் அந்த மாத்திரையில் இருந்த தையசைடு வந்து சேர்ந்தது. சிறுநீரை நீர்க்கச் செய்யும் இடத்திலேயே, அதாவது சிறுநீரக நுண்குழாயில் உப்பைத் திரும்ப எடுக்கும் பகுதியிலேயே அது கை வைக்கிறது. பொட்டாசியம் இறங்கியதும் அதனால்தான். பல ஆண்டுகள் எப்படியோ சமாளித்துவந்த உடல், மூன்று வாரத்தில் தோற்றுவிட்டது.

மாத்திரைக்கு முன்பே இருந்த தாகம்

மனச்சிதைவு நோயில் தண்ணீர் குடிப்பது புதிய செய்தி இல்லை. 1930களிலேயே அமெரிக்காவின் உவுஸ்டர் மனநல மருத்துவமனையில் ஹாஸ்கின்ஸ், ஸ்லீப்பர் ஆகியோர் இந்த நோயாளிகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சிறுநீர் கழிப்பதைப் பதிவு செய்தார்கள். முதல் மனநோய் மாத்திரையான குளோர்புரோமசைன் வந்தது 1952இல். ஆகவே "மாத்திரையால் நாக்கு வறண்டு குடிக்கிறார்" என்பது பாதி உண்மைதான். டிரைஹெக்சிஃபெனிடில் வாயை வறளச் செய்யும், அது நிஜம். ஆனால் மாத்திரை என்று ஒன்று வருவதற்கு முன்பே இவர்களுக்குத் தாகம் இருந்திருக்கிறது.

1988இல் மோரிஸ் கோல்ட்மேனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தண்ணீர் அதிகம் குடித்துச் சோடியம் இறங்கும் மனநோயாளிகளை அளந்து பார்த்தார்கள். ரத்தம் எந்த அளவு நீர்த்தால் வாசோபிரெசின் நிற்க வேண்டுமோ, அந்த அளவுகோலே இவர்களுக்குக் கீழே இறங்கியிருந்தது. சிறுநீரகமும் அந்த ஹார்மோனுக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் செவிசாய்த்தது. நோய் முற்றும் நாட்களில் இது மோசமாகும் என்பதும் பிறகு தெரியவந்தது. இத்தகையவர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மாறியிருப்பதையும் அதே குழு பின்னாளில் காட்டியது. நினைவுக்கும் மன அழுத்தத்தை அடக்குவதற்கும் உரிய இடம் அது. மனச்சிதைவு நோயில் பாதிக்கப்படுவதாகப் பலரும் சொல்லும் இடமும் அதுவே. குரல் கேட்பதும் குடத்தைத் தேடுவதும் ஒரே மூளையிலிருந்துதான் வருகின்றன என்று நான் குடும்பத்தாரிடம் சொல்வது இதை வைத்துத்தான். பிடிவாதம் என்றோ கிறுக்கு என்றோ அதைத் திட்டிப் பயன் இல்லை.

தாகத்துக்கு வேறொரு ஹார்மோன் உண்டு, ஆஞ்சியோடென்சின். சிறுநீரகத்திலிருந்து ரெனின் சுரக்கும். அது ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தை வெட்டும். அந்தத் துண்டை இன்னொரு நொதி மேலும் வெட்டும்போது ஆஞ்சியோடென்சின் இரண்டு உருவாகும். ரத்தக் குழாயை இறுக்கும், ஆல்டோஸ்டிரோனைத் தூண்டி உப்பைத் தேக்கும், வாசோபிரெசினையும் கிளப்பும். ரெனினை 1898இல் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயல் சிறுநீரகச் சாற்றிலிருந்து கண்டுபிடித்தார்கள். இது வெறும் பிரஷர் சமாச்சாரம் என்றுதான் பல காலம் நினைத்தோம். 1970இல் எப்ஸ்டீன், ஃபிட்சைமன்ஸ், ரோல்ஸ் ஆகியோர் வயிறாரத் தண்ணீர் குடித்திருந்த எலிகளின் மூளைக்குள் ஆஞ்சியோடென்சினைத் துளி அளவு செலுத்தினார்கள். சில நிமிடங்களில் அவை மறுபடி குடிக்கத் தொடங்கின. தேவையே இல்லாமல் குடிக்க வைக்கும் தாகம் ஒன்று மூளைக்குள் இருக்கிறது என்பது அப்போது தெளிவானது. மூளை தனக்கென்று ஒரு ரெனின்-ஆஞ்சியோடென்சின் அமைப்பை வைத்திருப்பதும், டோபமின் என்ற மூளை ரசாயனம் அதிகம் உள்ள பகுதிகளில் இதன் ஏற்பிகள் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள்) இருப்பதும் இப்போது தெரியும். மனச்சிதைவு நோயின் மாத்திரைகளில் பெரும்பாலானவை டோபமினை மறிப்பவை என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த இரவும் மறுநாளும்

3 சதவீத உப்பு சலைன் 100 மி.லி. பத்து நிமிடத்தில் ஏற்றினோம். அப்புறம் இன்னொரு 100. இந்த நிலையில் சோடியத்தை 4 முதல் 6 மில்லிமோல் ஏற்றினாலே மூளை வீக்கம் தணியும். இரவு 1.30க்குச் சோடியம் 117. வலிப்பு திரும்பவில்லை. விடியும்போது கண் திறந்து அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா அழுதுவிட்டார்.

ஆபத்து அதோடு முடியவில்லை. காலை நான்கு மணியிலிருந்து சிறுநீர் சேர மாட்டியிருந்த பிளாஸ்டிக் பை நிரம்பத் தொடங்கியது. மணிக்கு 600 மி.லி., பார்த்தால் குழாய்த் தண்ணீர் போல இருந்தது. வாந்தியும் வலிப்பும் நின்றதும் வாசோபிரெசின் அடங்கி, தேங்கியிருந்த தண்ணீர் தானாக வெளியேறுகிறது. நல்லதுதானே என்று விட முடியாது. சோடியம் 24 மணி நேரத்தில் 8 முதல் 10க்கு மேல் ஏறினால் மூளைத் தண்டில் நரம்பு உறை சிதைந்து, கை கால் வராமல், பேச்சு வராமல் போகலாம். சத்துக் குறைவும் பொட்டாசியக் குறைவும் உள்ளவருக்கு அந்த ஆபத்து கூடுதல். பொட்டாசியம் கொடுத்தாலே சோடியமும் சேர்ந்து ஏறும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

காலை 8 மணிக்கு 121. ஒன்பது மணி நேரத்தில் 9 ஏறிவிட்டது. உப்பு சலைனை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. சோடியம் மேலும் ஏறாமல் இருக்க 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது உப்பில்லாத சர்க்கரை நீர், ஏற்றினோம். அவர் தண்ணீர் கேட்டார். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். கொடுங்கள் என்றேன். தண்ணீரால் வந்தவருக்கு அன்று நாங்களே டம்ளர் டம்ளராகக் கொடுத்தோம், அளந்து அளந்து. இரவு 120. நான்காம் நாள் 133.

வலிப்பு வந்தவர் என்று கார்பமாசெபைன் எழுதாமல் இருந்ததையும் சொல்ல வேண்டும். அது வாசோபிரெசினின் வேலையைக் கூட்டும் மாத்திரை. இவருக்குக் கொடுத்திருந்தால் அடுத்த வலிப்புக்கு நாமே வழி செய்ததாகியிருக்கும்.

"உள்ள இருக்கிற விஷம் கழுவிடும் சார்"

ஐந்தாம் நாள் அவரிடமே கேட்டேன், ஏன் இவ்வளவு குடிக்கிறீர்கள் என்று. அவர் பல்லைக் காட்டினார். பழுப்பு வரிகள் ஓடிய பற்கள். தர்மபுரியில் வளர்ந்த பலரிடம் பார்க்கலாம்.

"சின்ன வயசுல போர் தண்ணி சார். அதுல விஷம். எலும்புக்குள்ள போயிடுச்சு. இப்ப காவேரி தண்ணி வருது. நிறைய குடிச்சா உள்ள இருக்கிற விஷம் கழுவிடும் சார். அவங்களும் அதான் சொல்றாங்க."

அவங்க என்றால் காதில் கேட்கும் குரல்கள்.

இதைக் கேட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது பொய்யில்லை. லிட்டருக்கு 1.5 மி.கி. தாண்டக் கூடாது என்ற எல்லையைப் பல கிணறுகள் தாண்டியிருந்தன. அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரைடு பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்து, 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. நல்ல தண்ணீர் குடியுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், சுவரில் எழுதினார்கள். அவருடைய நோய் ஊரின் உண்மையான ஒரு துயரத்தை எடுத்துத் தன் கதையைக் கட்டிக்கொண்டது. "அதெல்லாம் பொய்" என்று நான் சொல்லியிருந்தால் பாதி பொய்யை நான் சொன்னதாக ஆகியிருக்கும். போர் தண்ணீர் கெட்டது என்பதை ஒப்புக்கொண்டேன். எலும்பில் படிந்ததைத் தண்ணீர் கழுவாது, மூன்று லிட்டருக்கு மேல் போனால் உப்புதான் கழுவிப்போகும் என்றேன். உப்பு குறைந்தால் மயக்கம் வரும் என்பது அவருக்கும் புரிந்தது. "ஆமா சார், உப்பில்லாத களி இறங்காது" என்றார்.

அன்று வார்டில் எடை பார்த்தோம். காலை 6 மணிக்கு 57.8 கிலோ, மாலை 4 மணிக்கு 61.9. பகலில் மட்டும் நாலு கிலோ தண்ணீர், உடல் எடையில் 7 சதவீதம். ரத்தப் பரிசோதனை இல்லாமலேயே ஆபத்தைக் காட்டும் கருவி இந்த எடை மெஷின்தான். காலை எடையைவிட 5 சதவீதம் கூடினால் தண்ணீரை நிறுத்தி, சோடியம் பார்க்க வர வேண்டும். வீட்டுக்கு ஒரு எடை மெஷின் வாங்கச் சொன்னேன்.

மருந்தில் செய்த மாற்றங்கள்

தையசைடை நிறுத்தினோம். டெல்மிசார்டான் மட்டும் 40 மி.கி. தொடர்ந்தது. டிரைஹெக்சிஃபெனிடிலைப் பாதியாக்கி, பிறகு நிறுத்தினோம்.

டெல்மிசார்டானை வைத்துக்கொண்டதற்குப் பிரஷர் முதல் காரணம். மனச்சிதைவு நோயாளிகள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள், பெரும்பாலும் இதயநோய் போன்ற உடல் நோய்களால். பிரஷரை விட்டுவிட முடியாது. இன்னொன்று, ஆஞ்சியோடென்சின் ஏற்பியை மறிக்கும் இந்த மாத்திரை மூளைக்குள்ளும் ஓரளவு போகும். 2017இல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், குளோசபைன் அல்லது ஒலான்சபைன் என்ற மனச்சிதைவு மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு 12 வாரம் டெல்மிசார்டான் சேர்த்துக் கொடுத்தபோது நோய் அறிகுறி மதிப்பெண் போலி மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைந்தது. நினைவாற்றலில் மாற்றம் இல்லை. இதை நம்பி மனச்சிதைவுக்கு டெல்மிசார்டான் எழுதும் காலம் வரவில்லை. பிரஷருக்கு ஏதோ ஒரு மாத்திரை தேவைப்படும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மட்டும் அந்த ஆய்வு என் மனதில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்தும் குரல்கள் அடங்கவில்லை. மாலை எடையும் சில நாட்கள் 5 சதவீதத்தைத் தொட்டது. குளோசபைனுக்கு மாறினோம். தண்ணீர் வெறியைக் குறைப்பதில் மற்ற மாத்திரைகளைவிட இது மேல் என்று பல இடங்களிலிருந்து பதிவுகள் உண்டு. குளோசபைனே வலிப்பைத் தூண்டக்கூடியது, வலிப்பு வந்தவருக்கு அதுவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவருடைய வலிப்பு சோடியத்தால் வந்தது என்பதில் உறுதி இருந்ததால் 12.5 மி.கி.யில் தொடங்கி மிக மெதுவாக ஏற்றினோம். சிலருக்கு வெள்ளணுவைக் குறைத்துவிடும் மாத்திரை என்பதால், முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். பென்னாகரத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறி வந்த அக்காவுக்கு என் வணக்கம்.

மூன்றாம் வாரம் பிரஷர் ஹார்மோன் வேறு திசையிலிருந்து வந்தது. படுத்திருந்தால் 122/80, எழுந்து நின்றால் 94/62, கண் இருட்டுகிறது என்றார். குளோசபைன் ரத்தக் குழாயின் ஆல்ஃபா ஏற்பியை மறிக்கும், ஆகவே நிற்கும்போது குழாய் சுருங்காது. அந்த நேரத்தில் உடலைத் தாங்குவது ரெனினும் ஆஞ்சியோடென்சினும்தான். அதையும் டெல்மிசார்டான் கொண்டு நாம் மறித்துவைத்திருந்தோம். போதாக்குறைக்கு, பிரஷர் அப்படி இறங்கினால் வாசோபிரெசின் கிளம்பும், எது கூடாது என்று பாடுபட்டோமோ அதுவே. டெல்மிசார்டானை 20 ஆக்கினோம். குளோசபைனை மேலும் ஏற்றாமல் இரண்டு வாரம் அதே அளவில் தொடர்ந்தோம். எழுந்து நின்றபோது பிரஷரின் மேல் எண் 108 வந்தது. அப்புறம்தான் மேலே ஏற்றினோம். இப்போது 250 மி.கி.யில் இருக்கிறார்.

பிரஷர் மாத்திரை இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தான். மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடம் அக்கா நோட்டைக் காட்டுவார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "சிறுநீர் போக்கும் மாத்திரை சேர்ந்த பிரஷர் மாத்திரை வேண்டாம். வலிப்பு வந்தால் முதலில் சோடியம் பார்க்கவும்." பிரஷர் சீட்டும் அதே நோட்டில்தான் ஒட்டப்படுகிறது. இரண்டு நோட்டு இனி கிடையாது.

வீட்டில் மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களைக் காலையில் நிரப்பிவைக்கிறார்கள். நாக்கு வறண்டால் வாயில் அடக்கிக்கொள்ளப் புளியங்கொட்டை அளவு புளி உருண்டை, இது அக்காவின் ஏற்பாடு, நன்றாகவே வேலை செய்கிறது. பீடி கட்டு அரைக்கட்டாகியிருக்கிறது. களியுடன் தினம் ஒரு முட்டை. கரைபொருள் கூடினால் தண்ணீர் வெளியேறும் வழியும் அகலும் என்பதற்காக. குரல்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேட்கின்றன, மெல்லிசாக. விஷம் பற்றிய பேச்சு இருக்கிறது, ஆனால் குழாயடிக்குப் போகச் சொல்லி அவை துரத்துவதில்லை என்கிறார்.

இந்த ஆண்டு ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய்வரலாமா என்று அக்கா கேட்டார். காவேரியைக் கண்டால் என்ன ஆகுமோ என்று எனக்கும் பயம்தான். ஆனாலும் போகச் சொன்னேன். கூட ஒரு பாட்டிலும் ஒரு பொட்டலம் உப்புக் கடலையும் எடுத்துப்போனார்கள். குளித்தார், எண்ணெய் தேய்த்துக்கொண்டார், மீன் வறுவல் சாப்பிட்டார். அடுத்த வாரம் நோட்டைக் கொண்டுவந்தார்கள். எடைகளை இப்போது அவரே எழுதுகிறார். ஆடி 18: காலை 58.4, மாலை 60.2. சோடியம் 136.